பன்னிரண்டு இல்லைகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் காலை பத்து மணிதான் பகைவன். அதற்குள் செய்தித்தாளைக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரை படித்து முடித்திருப்போம். இரண்டு டீ உள்ளே போயிருக்கும். வீட்டுக்காரி துடைப்பத்தோடு வந்து நின்று, நாற்காலியை நகர்த்துவதா ஆளோடு சேர்த்துத் தூக்கிப் போடுவதா என்று யோசிப்பது போல் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்த நடையில் தெருவின் தாரே பாதி தேய்ந்துவிட்டது. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். உங்களிடம் அப்படிப் பேச மாட்டேன் அம்மா. நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். எழுத்தில் ஏறுவது சரியாக இருக்க வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம்.

முப்பத்து நான்கு வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜையில் உட்கார்ந்தவன் நான். சொந்த மைத்துனன் விண்ணப்பத்தையே, தேதி போடவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அவன் இன்றுவரை என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் தண்ணீர் மிச்சம்.

இந்தப் பெயரை நம்பித்தான் என் தங்கை மகள் என்னைத் தேடி வந்தாள். அவள் தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறாள். ஒரு வேன், ஆறு ஆட்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாத ஓர் ஆபீஸ். மொட்டைமாடித் தோட்டம், புல்தரை, பூந்தொட்டி எல்லாம் செய்வாள். நகமெல்லாம் மண், அந்தக் கையோடுதான் என் வீட்டு டம்ளரை எடுப்பாள். அவள் போன பிறகு அதை நான் வெந்நீரில் கழுவி வைப்பேன்.

அன்றைக்கு அவள் முகம் சரியாக இல்லை. நாம் வாங்கும் செடியும் உரமும் கல்லும் எங்கே, யார் கையால் தயாராகின்றன என்று யோசித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்றாள்.

"நம்ம ஆறு பேரு சரி மாமா. வர்றாங்க, போறாங்க, பிடிக்கலைன்னா என்கிட்டயே சண்டை போடறாங்க. ஆனா நமக்குச் செடி குடுக்கற இடத்துல யாராவது அடைஞ்சு கிடந்தா? கொத்தடிமை நட்ட செடிய நான் எப்படி ஒருத்தர் வாசல்ல கொண்டு போய் வைப்பேன்?"

வேனுக்குள் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, அவளே பன்னிரண்டு கேள்விகள் எழுதியிருந்தாள். நல்ல இடமாக இருந்தால் பன்னிரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வர வேண்டும். அடிக்கிறார்களா, குழந்தைகளை வைத்து வேலை வாங்குகிறார்களா, இப்படி. நான்காவது கேள்வி: வேலை செய்பவர்களின் அடையாள அட்டையை முதலாளி வாங்கி வைத்திருக்கிறாரா? ஏழாவது: வெளியே போக முடியாதபடி வாசல் பூட்டப்படுகிறதா? ஓர் 'ஆம்' வந்தாலும் அந்த இடத்தில் ஒரு செடிகூட வாங்க மாட்டேன் என்றாள். சொன்னால் செய்கிறவள். பிடிவாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. உங்கள யாராலயும் ஏமாத்த முடியாது மாமா."

அதைக் கேட்டு நான் பூரித்த பூரிப்பில் சட்டைப் பொத்தான்கள் தெறித்து எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைக்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

முதலில் உரம் தயாரிக்கும் கொட்டகைக்குப் போனேன். மீன் கழிவில் செய்கிற உரம். அந்த நாற்றத்தை நாலு மூட்டை கட்டி எல்லையில் வைத்தால் போதும், எதிரிப் படை தானாகத் திரும்பிப் போகும். முழங்கை வரை கொழகொழவென்று ஒட்டியிருக்க, அங்கிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே என்னிடம் கை நீட்டினார்கள். நான் கும்பிட்டுத் தப்பித்தேன். ஆனால் ஐந்து மணிக்கு எல்லாரும் குளித்து, தலை வாரி, வீட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டுக்கும் 'இல்லை'. அடுத்து கல் அறுக்கும் இடம். அங்கேயும் பன்னிரண்டு இல்லை. அந்தப் படிவங்களைப் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

மூன்றாவதுதான் ரோஜாப் பண்ணை.

பண்ணைக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே குமட்டும். தொப்பை வாசலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகுதான் ஆள் வந்து சேருவார். செடியில் மாட்டும் பெயர்ப்பட்டையால் காது குடைவார். குடைந்ததைப் பார்ப்பார். பார்த்துவிட்டு அதே பட்டையைச் செடியில் மாட்டுவார். அவர் கொடுத்த டீயை நான் ஒரு தொட்டிக்கு ஊற்றினேன். அந்தச் செடி பிழைத்திருக்காது.

என் மருமகள் வாங்கும் செடியில் முக்கால்வாசி அவருடையது. அப்போதுதான் ஒரு பெரிய மருத்துவமனை வளாகம் முழுக்கத் தோட்டம் போடும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. நாலாயிரம் ரோஜா. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை வந்ததில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாசலில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு பூட்டு. இல்லை, அது மிகை. உள்ளங்கை அளவு. அங்கே வேலை செய்யும் இருபத்து மூன்று பேரின் அடையாள அட்டைகளும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. ஆட்கள் படுக்கும் கொட்டகையில் ஈரச் சாக்கு, பாசி பிடித்த ஒரே குழாய், மூடியில்லாத வாளி. அவர்கள் விரல்களெல்லாம் பூஞ்சை மருந்தின் நீலம் ஏறி வெடித்திருந்தன. அந்த விரலாலேயே சாப்பிட்டார்கள். கால்விரல் இடுக்குகள் வெந்து வெள்ளை பூத்திருந்தன. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்தவன் வெளியே வரும்வரை எடுக்கவில்லை. மனிதர்கள் எப்படி இவ்வளவு அசிங்கமாக இருக்கச் சம்மதிக்கிறார்கள் என்று அருவருப்பாக இருந்தது. சம்மதம் என்பது சரியான சொல்லா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல்தான் வந்தது.

படிவத்தை எடுத்தேன். நான்காவதில் 'ஆம்' எழுத வேண்டும். ஏழாவதிலும். பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. அந்தப் புள்ளி இப்போதும் அதில் இருக்கும், பாருங்கள். மேலே இல்லை, கீழே இல்லை, நடுவில் ஓர் ஆம். துவைத்து மடித்த சட்டையில் மை கொட்டியது போல. எனக்கு அது பொறுக்கவில்லை.

பொய் எழுதலாமே என்று நினைப்பீர்கள். என் பேனாவில் பொய் வராது. இல்லை என்று எழுத வேண்டுமானால் அது இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நான் கேள்வியை மறுபடி நிதானமாகப் படித்தேன். 'முதலாளி வாங்கி வைத்திருக்கிறாரா' என்றுதான் இருந்தது. அப்படியானால் முதலாளியிடம் அவை இருக்கக் கூடாது. என்னிடம் இருக்கலாம். நான் முதலாளி இல்லை, செடி வாங்குகிறவளின் தாய்மாமன்.

சொன்னதும் பண்ணைக்காரர் சிரித்தார். "நீங்களே வச்சுக்கங்க சார். அதுங்க கையில இல்லாம இருந்தா சரி."

எவ்வளவு அநாகரிகமான பேச்சு. நான் அவரைப் போல நினைக்கவில்லை. பிஸ்கட் துகளும் எறும்புமாகக் கிடந்த அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, தனித்தனி உறையில் போட்டு, அகரவரிசைப்படி என் இரும்பு அலமாரியில் அடுக்கினேன். அந்த அட்டைகள் பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. நான்காவது கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். அது உண்மை.

பூட்டையும் நானே நின்று கழற்ற வைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பண்ணைக்காரர் போனில் அலறினார். ஒருவன் ரோடு வரை போய்ப் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தானாம். இன்றைக்கு ஒருவன், நாளைக்கு எல்லாரும். பூட்டை மறுபடி போடப் போகிறேன் என்றார். போட்டால் என் ஏழாவது பதில் பொய்யாகிவிடும். அதற்கு நான் இடம் கொடுக்கலாமா?

நாற்றுப் பண்ணைகளில் வெளிமண்ணோடு செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. வேர் நோய் பரவும். அது உள்ள விஷயம்தான், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதனால் எல்லார் செருப்பையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்கச் சொன்னேன். நோய்த் தடுப்பு. பண்ணையில் தினமும் கவாத்து செய்து வெட்டிப் போடுகிற ரோஜா முள்குச்சிகள் மலை மலையாகக் குவியும். அவற்றை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும். வாசலிலிருந்து ரோடு வரையுள்ள மண்பாதையில் கொட்டச் சொன்னேன். வேன் ஏறிப் போகும், ஆடு மாடு உள்ளே வராது. வாசல் இரவும் பகலும் திறந்தே கிடக்கும். யாரையும் யாரும் பிடித்து வைக்கவில்லை. ஏழாவது கேள்விக்கும் இல்லை.

பண்ணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இந்த மூளை இல்லாமப் போச்சே சார்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு என் மேல் எச்சில் தெறித்தது போல் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

என் மருமகள் ஒருமுறை வேனில் வந்து பார்த்தாள். திறந்து கிடந்த வாசலைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முள் எதற்கு என்று கேட்டாள், ஆட்டுக்கு என்றேன். அந்த மாதமே வேனின் இரண்டு பக்கமும் 'கொத்தடிமை இல்லாத தோட்டம்' என்று பச்சை எழுத்தில் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணல். நான் எழுதியிருந்தால் நேராக இருந்திருக்கும்.

வேலை செய்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதும் அவள் போட்ட விதி. மாதம் ஒருமுறை போய்ப் பேசினேன். பதினெட்டு பேர் தலையாட்டுவார்கள், நாலு பேர் தரையைப் பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள். ரோஜாவில் ஒட்டுக் கட்டுகிறவள். ஒட்டுக்காரி என்றுதான் பண்ணையில் கூப்பிடுவார்கள். நகம் அளவு மொட்டைச் சீவி, வேறு செடியின் பட்டைக்குள் செருகி, நாடாவால் கட்டுவாள். ஒரு நாளைக்கு ஐந்நூறு. அவள் கையை அவள் சாப்பிடும்போது பார்க்காமல் வேலை செய்யும்போது பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்.

"ஐயா, எங்க கார்டெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

மறைத்துப் பேசுவது என் வழக்கமில்லை. என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்றேன். எங்கே என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது தெரு, பச்சைக் கேட் போட்ட வீடு என்று சொன்னேன். அத்தனை நல்ல அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி இருப்பது.

அவளுக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள், வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறவள். அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன், தாய் தன் அட்டையோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும், வேறு ஆள் இல்லை என்று விடுதிக்கார அம்மாள் பண்ணைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தேதி தவறினால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். ஒட்டுக்காரி பண்ணைக்காரரிடம் கேட்டாள். நாலாயிரம் செடி போக வேண்டிய நேரம், முடித்துவிட்டுப் போ என்றாராம்.

புதன்கிழமை பகல் என் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒட்டுக்காரி.

செருப்பில்லாமல் அந்த முள்ளைத் தாண்டி, அதற்கு மேல் நாலு மைல் நடந்து வந்திருக்கிறாள். கால் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மண்ணும் ரத்தமும் நீலமுமாக ஏதோ இரண்டு. வெளிர் நிறத் தரை என் வீட்டில். வீட்டுக்காரி வாரம் இரண்டு முறை தேய்த்துக் கழுவுகிற தரை. அதில் வாசலிலிருந்து ஐந்து அடிக்கு அச்சு விழுந்திருந்தது. செய்தித்தாளைக் கொண்டுவந்து விரித்து, அதன் மேல் நிற்கச் சொன்னேன்.

"கார்ட மட்டும் குடுத்துடுங்க ஐயா. நாளைக்குக் காலைல நான் அங்க இருக்கணும்."

நான் கோபப்படவில்லை. அதை என் மனைவியே சொல்வாள். அட்டையை ஒப்படைத்தது பண்ணைக்காரர், அதனால் அவர் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் வர வேண்டும் என்று விளக்கினேன். அவள் தனக்கு எழுத வராது என்றாள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்து நான்கு வருடத்தில் யாருக்கும் செய்யாத உதவி. உள்ளே போய்த் தாள் எடுத்துவந்து, விடுநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு எழுதினேன். பண்ணைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், யாராக இருந்தாலும் சொல்வார்கள். எழுதி முடித்து அவளுக்குப் படித்தும் காட்டினேன்.

அவள் கேட்கவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதானே?" என்றாள்.

அதற்குள் என் மனைவி ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து நின்றாள். அவள் அந்தக் கால்களைப் பார்த்தாள். என் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டு விஷயத்தில் நான் அவள் பேச்சைத் தட்டியதில்லை. இது வீட்டு விஷயமில்லை.

பிறகு ஒட்டுக்காரி செய்தித்தாளின் மேலேயே உட்கார்ந்து, மடியிலிருந்து ஒட்டுக் கட்டும் சிறு கத்தியை எடுத்தாள். நான் ஓர் அடி பின்னால் போனேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. காலைத் தூக்கி மடியில் வைத்து, முள்ளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, தாளின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். மொட்டைச் சீவுகிற அதே நிதானம். முப்பத்தொன்று. மிகைப்படுத்துகிறவன் என்று பெயரெடுத்தவன்தான் நான், ஆனால் இந்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூட்டவில்லை. மற்றொரு காலைத் தொடங்குவதற்குள் பண்ணைக்காரர் வண்டியோடு வந்துவிட்டார்.

அவள் எழுந்து நடந்து போனாள். தரையை நான்தான் கழுவினேன். மூன்று வாளித் தண்ணீர், பினாயில். வாசற்படியோரம் ஒரு கறை இன்னும் போகவில்லை.

தேதி தவறியது. ஒன்பதாம் நாள் ஒட்டுக்காரியின் மகள் இறந்துபோனது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருத்தமான செய்தி. ஒட்டுக்காரி புண்ணாகிய காலோடு பண்ணையில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாளாம். மருத்துவமனை வளாகத்தில் இப்போது பூத்திருப்பவற்றில் அவை இருக்கும்.

வீட்டுக்காரி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. என் மருமகளிடம் பேசியிருக்கிறாள். மருமகள் வந்து, அலமாரியைத் திறக்கச் சொல்லி, இருபத்து மூன்று உறைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஓர் உறையைப் பிரித்தபடி கேட்டாள்.

"நான் இதெல்லாம் இருக்கான்னு பாத்துட்டு வரத்தானே உங்கள அனுப்பினேன் மாமா?"

பார்த்தேன், இல்லாமல் ஆக்கினேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மீன் உரக் கொட்டகையில் அந்தக் கைகளை நான் பார்த்த பார்வை அது. பெற்ற பிள்ளை போல நான் வளர்த்தவளிடமிருந்து. அவளே நாலாயிரம் செடியின் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வேனில் எழுதியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த புகாரைப் படித்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பண்ணைக்காரரின் பெயர். இடையில் ஒரு காற்புள்ளிதான். அது எனக்கு அருவருப்பாக இருக்கிறது அம்மா. முடிந்தால் வேறு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

ஏன் கொடுக்கவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அலமாரி மூன்று எட்டுத் தூரம். சாவி இடுப்பில். கொடுத்திருந்தால் அது என்னிடம் இருந்தது என்றாகிவிடும். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்ற இருபத்திரண்டு பேரும் அந்த முள்ளில் இறங்கி வருவார்கள். பிறகு அந்தப் படிவத்தை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

முன்பு சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். தாள் எடுக்க உள்ளே போனேன் என்றேன். தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. பண்ணைக்காரருக்குப் போன் செய்யத்தான் போனேன். அவர் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். அவள் மகள் இருக்கும் ஊருக்குப் போகிற ஒரே பேருந்து பன்னிரண்டே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும். அவள் மணி அடித்தபோது பன்னிரண்டு பத்து. அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவள் எழுந்து அதில் ஏறிவிடுவாளோ என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. அதனால் விண்ணப்பத்தை நிதானமாக எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக, அழகாக. கடைசி வரிக்கு வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தெருமுனையில் பேருந்து வந்து நின்று, கிளம்பி, சத்தம் ஓய்ந்த பிறகுதான் முற்றுப்புள்ளி வைத்தேன்.